பிரேக்கைக் கழட்டினால் போதுமா? எலும்புப் புற்றுநோயும் ஒரு வியாபாரக் கணக்கும்

கொஞ்ச வருடமாக ஒரு கதை எல்லா இடத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது. புற்றுநோய்க்கு இனி கீமோ வேண்டாம், கரண்ட் வைக்க வேண்டாம், நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே அதை அடித்துத் துரத்திவிடும், அதற்கு மருந்தும் வந்துவிட்டது என்கிற கதை. பேப்பரில் வருகிறது, வாட்ஸப்பில் வருகிறது, கேன்டீனில் டீ குடிக்கும்போது யாராவது ஒருத்தர் சொல்கிறார். கதை முழுப் பொய் இல்லை. பாதி நிஜம். பாதி நிஜத்தை முழு நிஜம் என்று விற்கிறார்களே, அதுதான் என் பிரச்சினை.

பி.காம் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கப்போகிறவர்களுக்கு: இந்தப் பதிவில் பாதி உயிரியல், மீதி பாதி கணக்கு. கணக்குப் பகுதி நம்ம ஏரியாதான் :-)

நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எலும்புப் புற்றுநோயில் இந்தப் பிரபலமான மருந்துகள் பெரும்பாலும் வேலை செய்யவில்லை. அதற்கு உயிரியல் காரணங்கள் இருக்கின்றன. ஆனால் அது தெரிந்த பிறகும் அந்த நோய்க்கென்று தனியாக மருந்து தேடும் வேலை ஆமை வேகத்தில் போகிறதே, அதற்குக் காரணம் உயிரியல் மட்டும் இல்லை. வியாபாரம்.

முதலில் அந்த பிரேக் கதை

நம் ரத்தத்தில் டி செல் என்று ஒரு வகை வெள்ளை அணு உண்டு. வேண்டாத செல்லைக் கண்டால் கொல்வது அதன் வேலை. இப்படிக் கொல்லும் அணுக்கள் கட்டுப்பாடில்லாமல் திரிந்தால் நம் உடம்பையே தின்றுவிடும். அதனால் அவற்றின் மேல் பிரேக் மாதிரி சில மூலக்கூறுகள் இருக்கின்றன. சிடிஎல்ஏ-4 ஒன்று, பிடி-1 இன்னொன்று. மற்ற செல்கள் பிடி-எல்1 என்கிற மூலக்கூறைக் காட்டினால் அது டி செல்லின் பிடி-1 மேல் போய் ஒட்டும், டி செல் அடங்கிவிடும். செக்போஸ்டில் பாஸ் காட்டுகிற மாதிரி. அதனால்தான் இவற்றுக்கு செக்பாயின்ட் மூலக்கூறுகள் என்று பெயர். புற்றுநோய் செல் செய்யும் திருட்டுத்தனம் என்னவென்றால், அதே பாஸைத் தானும் அடித்து வைத்துக்கொள்கிறது.

இதைத் தடுத்தால் டி செல் மறுபடி வேலை செய்யும் என்று காட்டியவர்கள் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசனும் ஜப்பானின் தசுக்கு ஹோன்ஜோவும். 2018ல் இருவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. 2011ல் இபிலிமுமாப், 2014ல் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் என்று மருந்துகள் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. மெலனோமா என்கிற தோல் புற்றுநோய் மூளை வரை பரவியிருந்த முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர், 2015ல் மற்ற சிகிச்சைகளோடு பெம்ப்ரோலிசுமாபும் எடுத்துக்கொண்டார். அந்த டிசம்பரிலேயே கட்டிகள் தெரியவில்லை என்று அறிவித்தார். 2024 டிசம்பரில் இறக்கும்போது அவருக்கு வயது 100. இதைவிடப் பெரிய விளம்பரம் எந்த மருந்துக்காவது கிடைக்குமா?

இதுவரை சொன்னது எல்லாம் உண்மை. இதில் நான் சண்டைக்கு வரவில்லை. "அப்படியானால் எல்லாப் புற்றுநோய்க்கும் இதேதான்" என்று அடுத்த அடி எடுத்து வைக்கிறார்களே, அங்கேதான் சண்டை.

எலும்பில் என்ன நடந்தது

எலும்பிலேயே தொடங்கும் புற்றுநோய்களில் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் அதிகம் வருவது ஆஸ்டியோசர்கோமா. வளர்கிற வயதில், பெரும்பாலும் முழங்காலை ஒட்டி வரும். கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1977ல், 18 வயதில், இந்த நோயால் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். 1980ல் செயற்கைக் காலோடு, புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட கனடாவின் குறுக்கே ஓடக் கிளம்பினார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர். அதற்கு மேல் ஓட முடியவில்லை, நோய் நுரையீரலுக்குப் போயிருந்தது. 1981 ஜூனில் இறந்தார். 23வது பிறந்த நாளுக்கு ஒரு மாதம் பாக்கி. நம்மில் பலருக்கு இப்போது என்ன வயதோ அதே வயது.

இந்த நோயின் குணமே அதுதான். முழங்கால் கட்டியால் யாரும் சாவதில்லை. கட்டி அங்கிருந்து கிளம்பி, சுற்றியிருக்கும் திசுவைத் துளைத்து, ரத்தக் குழாய்க்குள் இறங்கி, நுரையீரலில் போய் முளைக்கிறதே, அந்தப் பரவல்தான் ஆளைக் கொல்கிறது.

சரி, பெம்ப்ரோலிசுமாப் கொடுத்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள். சார்க்028 என்ற அமெரிக்க ஆய்வு 2017ல் வெளியானது. முற்றிய எலும்புப் புற்றுநோய் உள்ள 40 பேரில் கட்டி குறிப்பிடும்படி சுருங்கியது 2 பேருக்கு. அந்த நாற்பதில் ஆஸ்டியோசர்கோமா 22 பேர், சுருங்கியது ஒருவருக்கு. ஈவிங் சர்கோமா 13 பேர், ஒருவருக்கும் இல்லை. 22 பேரை வைத்து முடிவு கட்டலாமா என்று கேட்பீர்கள். நியாயம். ஃப்ரான்ஸில் இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள், ஆஸ்டியோசர்கோமா உள்ள 15 பேரில் ஒருவருக்குச் சுருங்கியது. நார்வே ஆய்வில் 12 பேர், பலன் இல்லை என்று நிறுத்திக்கொண்டார்கள். ஒவ்வொன்றும் சின்ன ஆய்வுதான். ஆனால் தனித்தனி நாட்டில் செய்த மூன்று சின்ன ஆய்வும் ஒரே பதிலைச் சொன்னால் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

ஏன் வேலை செய்யவில்லை

முதல் காரணம், பிரேக்கைக் கழட்டினால் வண்டி ஓடும், ஆனால் அங்கே வண்டி இருக்க வேண்டுமே? மெலனோமா கட்டிக்குள் டி செல்கள் ஏற்கனவே புகுந்து அடங்கிக் கிடக்கும். ஆஸ்டியோசர்கோமா கட்டிக்குள் அவை குறைவு, மேக்ரோஃபேஜ் என்கிற வேறு வகை அணுக்கள்தான் அதிகம்.

இரண்டாவது, டி செல்லுக்கு எதிரியை அடையாளம் தெரிய வேண்டும். வெயில் பட்டு வரும் மெலனோமாவிலும் சிகரெட்டால் வரும் நுரையீரல் புற்றிலும் மரபணுவில் ஆயிரக்கணக்கான எழுத்துப் பிழைகள் இருக்கும். பிழையான புரதங்கள் வரும், டி செல் "இது நம்மாள் இல்லை" என்று கண்டுபிடித்துவிடும். ஆஸ்டியோசர்கோமாவில் எழுத்துப் பிழை அவ்வளவு இருக்காது. பக்கம் பக்கமாகக் கிழித்து மாற்றி ஒட்டிய புத்தகம் மாதிரி குரோமோசோம்களே உடைந்து இடம் மாறிக் கிடக்கும். இந்தக் குழப்பத்திலிருந்து டி செல்லுக்குப் பிடி கிடைப்பது கஷ்டம்.

மூன்றாவது காரணம்தான் என்னை இந்தப் பதிவு எழுத வைத்தது. செக்பாயின்ட் மூலக்கூறு என்றால் டி செல்லை ஏமாற்ற மட்டும்தான் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பி7-எச்3 என்று ஒன்று இருக்கிறது. 2001ல் கண்டுபிடித்தது, பிடி-எல்1 குடும்பத்தைச் சேர்ந்தது. 2013ல் வெளியான ஒரு ஆய்வில் ஆஸ்டியோசர்கோமா கட்டிகளைச் சோதித்தபோது பத்தில் ஒன்பதுக்கும் மேல் இந்த பி7-எச்3 இருந்தது. அது அதிகமாக இருந்த கட்டிகளில் டி செல்கள் குறைவு, அந்த நோயாளிகள் வாழ்ந்த காலமும் குறைவு. அதோடு நிற்கவில்லை. ஆய்வகத்தில் புற்றுநோய் செல்களை மட்டும் எடுத்து, அவற்றில் பி7-எச்3 அளவைக் கூட்டினால் அவை தடுப்பைத் துளைத்துக்கொண்டு போகும் வேகமும் கூடியது. எம்எம்பி-2 என்ற நொதி அதிகமாகச் சுரந்தது ஒரு காரணம். செல்லைச் சுற்றியிருக்கும் திசுவைக் கரைத்து வழி விடுகிற நொதி அது.

கவனியுங்கள், அந்தச் சோதனையில் டி செல்லே கிடையாது. ஏமாற்ற ஆளே இல்லாத இடத்திலும் இந்த மூலக்கூறு வேலை செய்கிறது. ஆய்வகத் தட்டில் நடப்பதெல்லாம் மனித உடம்பில் அப்படியே நடக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சந்தேகம் வலுவானது. பூட்டை ஏமாற்றும் கள்ளச் சாவி என்று நாம் நினைத்தது சுவரை உடைக்கும் கடப்பாரையாகவும் இருக்கிறது. அப்படியானால் டி செல் பக்கத்துப் பூட்டை மட்டும் சரி செய்துவிட்டு, வேலை முடிந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்?

இப்போது கணக்குக்கு வருவோம்

பெம்ப்ரோலிசுமாபின் வியாபாரப் பெயர் கீட்ரூடா. 2024ல் அதன் உலக விற்பனை சுமார் 2,950 கோடி டாலர். ரூபாயில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் கோடி. ஒரே ஒரு மருந்து! அதை வைத்து 1,600க்கும் மேற்பட்ட சோதனைகள் நடப்பதாக அந்தக் கம்பெனியே அறிக்கைகளில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த 1,600ஐயும் மேலே சொன்ன 22, 15, 12 என்கிற எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் வருடத்துக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வருகிறது. ஆஸ்டியோசர்கோமா வருடத்துக்குச் சுமார் 1,000 பேர். ஒரு மருந்தைக் கண்டுபிடித்து, சோதித்து, அனுமதி வாங்க ஆகும் செலவு இரண்டுக்கும் பெரிதாக மாறாது. அது நிலையான செலவு. அதை இரண்டு லட்சம் பேர் மேல் பிரித்துப் போடுவதா, ஆயிரம் பேர் மேல் பிரித்துப் போடுவதா? முதல் வருட காஸ்டிங் பாடம்தான். கம்பெனி முதலாளி கெட்டவராக இருக்கத் தேவையே இல்லை, கணக்குத் தெரிந்தவராக இருந்தால் போதும், முழங்கால் வலியோடு வரும் பதினைந்து வயதுப் பையன் அவர் பட்டியலில் வரமாட்டான்.

"கம்பெனி தர்ம சத்திரமா?" என்று கேட்பவர்களுக்கு: இல்லை. நானும் அப்படிச் சொல்லவில்லை. நான் சொல்வது, தர்ம சத்திரம் இல்லாத ஒன்றிடம் போய் தர்மத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்காதீர்கள் என்பதுதான். பெரிய நோய்க்கு மருந்து வந்தால் அது தானாகச் சின்ன நோய்க்கும் வழிந்து வரும் என்கிற நம்பிக்கைதான் இங்கே தோற்றது. வழிந்து வந்தது பெம்ப்ரோலிசுமாப். வேலை செய்யவில்லை.

இன்னொரு உதாரணம் மிஃபாமுர்டைட். இது டி செல்லைத் தொடாது, மேக்ரோஃபேஜைத் தட்டி எழுப்பும். ஆஸ்டியோசர்கோமா கட்டிக்குள் எந்த அணு அதிகமோ அதையே குறிவைக்கிற மருந்து! 1990களில் நடந்த பெரிய ஆய்வில் கீமோவோடு இதைச் சேர்த்தவர்களில் ஆறு வருடம் கழித்து 78 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், சேர்க்காதவர்களில் 70 சதவீதம். ஆய்வின் அமைப்பில் சிக்கல் இருந்தது, கணக்கில் சர்ச்சை வந்தது. 2007ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதி மறுத்தது. 2009ல் ஐரோப்பா அனுமதித்தது. இதற்குள் மருந்து சிபா-கைகி, ஜென்னர், ஐடிஎம், டகேடா என்று கம்பெனி கம்பெனியாகக் கைமாறியது. சர்ச்சை இருந்தால் என்ன செய்ய வேண்டும்? உடனே இன்னொரு சோதனை நடத்தித் தீர்க்க வேண்டும். ஆயிரம் வாடிக்கையாளர் உள்ள சரக்குக்கு யார் அவ்வளவு செலவு செய்வார்கள்?

"அறிவியல் கஷ்டம், காசைக் குறை சொல்லாதே" என்பவர்களுக்கு

கஷ்டம்தான். ஆனால் இந்த நோயில் உண்மையான முன்னேற்றம் எப்போது வந்தது என்று பாருங்கள். 1986ல் வெளியான ஒரு ஆய்வு. அறுவை சிகிச்சை மட்டும் செய்தவர்களில் இரண்டு வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 17 சதவீதம். அதோடு கீமோவும் கொடுத்தவர்களில் 66 சதவீதம். 36 பேரை வைத்து நடந்த ஆய்வு, உலகத்தையே மாற்றியது. அன்று தொடங்கியதுதான் இன்றும் அடிப்படை: மெத்தோட்ரெக்ஸேட், டாக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின். பிறகு 2005லிருந்து 2011 வரை யூராமாஸ்-1 என்ற ஆய்வில் 17 நாடுகளிலிருந்து 2,260 நோயாளிகளைச் சேர்த்தார்கள். அதை நடத்தியது கம்பெனி இல்லை, டாக்டர்களின் கூட்டமைப்புகள். கூடுதல் கீமோவால் பலன் இல்லை என்று முடிவு வந்தது. ஏமாற்றம்தான், ஆனால் ஒரு கேள்விக்குத் தெளிவான பதில் கிடைத்தது. அபூர்வ நோய், ஆள் கிடைக்காது என்பது சாக்கு. நாடுகள் சேர்ந்தால் ஆள் கிடைக்கும்.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனை டாக்டர்கள் நிவோலுமாபை 20 மில்லிகிராம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான அளவு 240. முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய் உள்ள 151 பேர். 2022ல் முடிவு வெளியானது. ஒரு வருடம் உயிரோடு இருந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாகக் கூடினார்கள். தன் சரக்கைப் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக வாங்கினால் போதும் என்று நிரூபிக்கும் ஆராய்ச்சிக்கு எந்தக் கம்பெனி காசு கொடுக்கும்? பொது மருத்துவமனைதான் செய்யும். அதே மருத்துவமனைதான் ஆஸ்டியோசர்கோமாவுக்கும், அதிக அளவு மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்துக் கண்காணிக்கும் செலவு நம்மவர்களுக்குக் கட்டாது என்று, அது இல்லாத ஒரு கீமோ முறையை உருவாக்கிப் பயன்படுத்துகிறது.

மறுபக்கம் நல்ல செய்தியே இல்லையா? இருக்கிறது. பி7-எச்3 எந்தப் பூட்டுக்குச் சாவி என்பதே இன்னும் சரியாகத் தீரவில்லை, அதனால் அதை அடைப்பதற்குப் பதில் விலாசமாகப் பயன்படுத்துகிறார்கள். பி7-எச்3 இருக்கும் செல்லைத் தேடிப் போய் ஒட்டும் ஆன்டிபாடி, அதன் முதுகில் கீமோ விஷம். சீனாவின் ஹான்சோ கம்பெனி உருவாக்கிய அப்படி ஒரு மருந்தின் உரிமையை 2023 டிசம்பரில் ஜிஎஸ்கே 18.5 கோடி டாலர் முன்பணம் கொடுத்து வாங்கியது. 2025 ஜனவரியில் எஃப்.டி.ஏ. அதற்கு, திரும்பி வந்த ஆஸ்டியோசர்கோமாவுக்காக, சோதனையையும் பரிசீலனையையும் வேகப்படுத்தும் சிறப்பு அந்தஸ்து கொடுத்தது. சந்தோஷம். ஆனால் அதே அந்தஸ்து 2024லேயே ஒரு வகை நுரையீரல் புற்றுநோய்க்காக அதற்குக் கிடைத்துவிட்டது. அந்தப் பெரிய சந்தையிலும் பி7-எச்3 இருப்பது எலும்புப் புற்று பிள்ளைகளின் அதிர்ஷ்டம். இல்லாமல் இருந்திருந்தால்? ஒரு பிள்ளையின் உயிர் இப்படி அதிர்ஷ்டத்தில் தொங்கலாமா?

அமெரிக்காவில் 2017ல் ஒரு சட்டம் போட்டார்கள், 2020 ஆகஸ்டிலிருந்து அமலில் இருக்கிறது. பெரியவர்களுக்கான புற்றுநோய் மருந்து குறிவைக்கும் மூலக்கூறு பிள்ளைகளின் புற்றுநோயிலும் முக்கியமானதாக இருந்தால், பிள்ளைகளிடமும் சோதிக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் அதுவும் பெரியவர்களுக்குச் சமைத்ததில் ஒரு பங்கைப் பிள்ளைகளுக்கும் எடுத்து வை என்கிறதே தவிர, பிள்ளைகளுக்கென்று தனியாகச் சமை என்று சொல்லவில்லை.

இதில் பெரிய கொடுமை ஒன்று உண்டு. எதிர்ப்பு சக்தியைத் தூண்டி புற்றுநோயை ஒழிக்கும் முயற்சியின் முன்னோடி என்று வில்லியம் கோலி என்ற நியூயார்க் சர்ஜனைச் சொல்வார்கள். 1891ல் கிருமிகளை ஊசியில் ஏற்றிப் பார்த்தவர். அவரை அந்தத் தேடலில் இறக்கியது பெஸ்ஸி டாஷீல் என்ற 17 வயதுப் பெண்ணின் சாவு. அந்தப் பெண்ணுக்கு வந்தது கை எலும்பில் தொடங்கிய சர்கோமா. எலும்புப் புற்றில் தொடங்கிய தேடல் 130 வருடத்தில் தோல், நுரையீரல், சிறுநீரகம் என்று எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. கிளம்பிய வீட்டுக்கு இன்னும் வரவில்லை.

எனவே மக்களே, அடுத்த முறை "புற்றுநோய்க்கு முடிவு வந்தது" என்று செய்தி வந்தால் ஃபார்வர்ட் செய்யும் முன் கேளுங்கள்: எந்தப் புற்றுநோய்க்கு? எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? எத்தனை பேருக்கு வேலை செய்தது? யாராவது ஒரு குடும்பம் நகையை விற்று, நிலத்தை விற்று இந்த ஊசிக்குப் பணம் கட்டப் போகிறது என்றால், கட்டுவதற்கு முன் டாக்டரிடம் கேட்க வேண்டியதும் இதே கேள்விகள்தான். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது வேறு: ஆயிரம் பேருக்கு வரும் நோய்க்கு ஆராய்ச்சிப் பணம் எங்கே? சந்தை பார்த்துக்கொள்ளும் என்று பதில் வந்தால், இத்தனை வருடமாக அது பார்த்த லட்சணத்தைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகப் பின்னூட்டத்தில் போடுங்கள். திட்டுவதாக இருந்தால்கூட எண்களோடு திட்டுங்கள் :-)

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, இது வைத்திய ஆலோசனையும் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் எந்த டாக்டரும் சொல்வார்: வளர்கிற பிள்ளைக்கு முழங்காலிலோ தோள்பட்டை அருகிலோ வலி வாரக்கணக்கில் போகாமல் இருந்தால், ராத்திரியில் கூடினால், வீக்கம் தெரிந்தால், எண்ணெய் போட்டு உருவிக்கொண்டிருக்காமல் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.